சந்தா இல்லாத சங்கம்

"வண்டிய நிறுத்த இடம் தேடியே உசிரு போகுது," என்றபடி செயலாளர் ஷாதிலி மூச்சிரைக்க வந்தார்.

"அத விடுடா. போன வருஷம் சந்தாவ ஏத்தினோம், இருந்தவனும் ஓடிட்டான். இனி சந்தாவே வேண்டாம். இல்லேன்னா நமக்கு முன்னாடி சங்கம் செத்துடும்," என்று தலைவர் லஸ்அத் கெஞ்சினார். துனிசிய நகரொன்றின் பெத்தாங் சங்கத்தில் இரும்புக்குண்டு உருட்ட மிஞ்சியது பதினொரு கிழங்கள்தான்.

சந்தா ரத்தானது. அடுத்த பொதுக்குழுவில் சங்க மைதானமே நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் புது உறுப்பினர்கள். லஸ்அத்துக்குக் கண் கலங்கியது.

"எல்லாருக்கும் ஓட்டு உண்டு! முதல் தீர்மானத்த நீங்களே சொல்லுங்க!"

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "நாங்க எதிர் அடுக்குமாடிக்காரங்க, ஹாஜி. இந்த மைதானத்த கார் நிறுத்துற இடமா மாத்திடுங்க."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. முதலில் உயர்ந்தது ஷாதிலியின் கை.