மேட்டிலும் பேசுகிறவர்

"பேச்சைக் குறைச்சாலே பாதி மூச்சு மிச்சமாகும்ணே. நீங்க எதுக்குச் சாப்பாட்டைக் குறைக்கிறீங்க?"

பணிமனைச் சாப்பாட்டு அறையில் எதிரே உட்கார்ந்திருந்த கண்டக்டர் கேட்டான். அவன் இந்தத் தடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் பத்து வருடப் பழக்கம்போல நீளும்.

டிரைவர் டப்பாவைத் திறந்தார். அவித்த காய்கறி, இரண்டு முட்டை, ஒரே ஒரு துண்டு ரொட்டி. எல்லாம் மனைவி அளந்து வைத்தது.

"குருவிகூட இதைப் பாத்தா கோவிச்சுக்கும்ணே."

"குருவி பஸ் ஓட்டுறதில்லையேப்பா" என்றார் அவர்.

போன வருடம்வரை அவருடைய வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாளெல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை. வண்டி நின்ற இடமெல்லாம் பொரித்த தீனி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. இப்போது டீயில் சர்க்கரை கிடையாது, இரவில் சூப்போடு சரி. ஊரையே பஸ்ஸில் ஏற்றிப் போகிறவர் தான் மட்டும் சைக்கிளில் வேலைக்கு வருகிறார் என்று பணிமனை முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். காக்கிக் கால்சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்காகத்தான். ஒரே சைக்கிளில் முன்னும் பின்னுமாக இருவர் மிதிக்கிற பந்தயம் அது. முன்னிருக்கையில் அவர், பின்னிருக்கையில் மகள். மகளுக்கு இரும்புக் கால்கள். அப்பாவுக்குத்தான் மேடு வந்தால் நாக்கு தள்ளிவிடும். போன பந்தயம் முடிந்ததும் பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"பொண்ணு மிதிக்கிறா, நீங்க மூட்டை மாதிரி உக்காந்திருக்கீங்க. மேட்டுல உங்களுக்கு மூச்சும் நிக்குது, பேச்சும் நிக்குது. அடுத்த தடவையும் இப்படின்னா முன்னாடி வேற ஆளைப் போட்டுடுவேன்."

"வேற ஆள்னா நான் ஏறமாட்டேன் சார்" என்றாள் மகள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். தன் தொப்பையால் மகளின் பந்தயமே நின்றுபோகும் என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது. அன்றிரவே இரண்டாவது ரொட்டியைத் தட்டிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்.

"ஏரிக்கரை ரோட்ல நீங்க ரெண்டு பேரும் போறதைத் தூரத்துலேர்ந்து பார்த்தேன்ணே" என்றான் கண்டக்டர். "ரேடியோ மாதிரி பேசிக்கிட்டே போறீங்க. பள்ளம் வருது, லாரி தாண்டுதுன்னு. வழியில வர்றதைக் கத்திச் சொல்றது என் வேலை. அதையும் புடுங்கிக்கிட்டீங்களா?"

"அவ கேக்கறா, நான் சொல்றேன்."

"உங்க முதுகு அகலத்துக்கு அந்தப் பொண்ணுக்கு ரோடே தெரியாது. பாவம், காதாவது சும்மா இருக்கட்டுமேண்ணே."

டிரைவர் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடினார்.

சாயங்காலம் வீட்டு மாடிப்படி ஏறிக் கதவைத் தள்ளினார். துணி மடித்துக்கொண்டிருந்த மகள், மடிப்பை நிறுத்தாமலே கேட்டாள்.

"ரெண்டாவது மாடியில நின்னீங்களே, ஏம்ப்பா? ஓ, வெண்ணெய் பிஸ்கட்டா?"

"பாதிதாம்மா. யாரோ பயணி, பேரன் பொறந்திருக்குன்னு குடுத்தாரு. எப்படி வேணாம்னு சொல்றது?"

"அம்மா, நாளைக்கு இவருக்கு ரொட்டியிலயும் பாதி."

"அந்தப் பேரன் பொறந்ததுக்கு நான் பட்டினியா?"

மகள் எழுந்து வந்து அவருடைய இடுப்பைச் சுற்றிக் கைகளைப் போட்டாள். விரல்கள் பின்னால் சந்தித்துக் கோத்துக்கொண்டன.

"போன வருஷம் எட்டவே இல்ல" என்றாள்.

அவர் அசையாமல் நின்றார். கழுத்தில் பதக்கம் விழுந்தால்கூட இப்படி இருக்காது என்று தோன்றியது.

ஞாயிறு காலை பந்தயம் தொடங்கியது.

"இடது வளைவு, சாஞ்சுக்கோ. நேராயிடுச்சு. கொஞ்சம் சரளை, மெதுவா. மேடு ஆரம்பம், இப்ப அழுத்து."

தண்ணீர்த் தொட்டித் திருப்பம் வந்தது. வழக்கமாக அவருடைய மூச்சு அறுகிற இடம் அது. இன்றைக்கு அறவில்லை. நெஞ்சு புதுத் துருத்தி மாதிரி காற்றை இழுத்து இழுத்துக் கொடுத்தது.

"பேசறீங்களேப்பா" என்றாள் மகள், பின்னாலிருந்து.

"பேசாம? மஞ்சச் சட்டை ஜோடி திணறுது. வலப்பக்கமா தாண்டறோம். தாண்டியாச்சு."

"முன்னாடி இன்னும் யாரு?"

"ஒரே ஒரு ஜோடிதான். அழுத்து கண்ணு."

அந்த ஒரு ஜோடியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள். பயிற்சியாளர் வந்து, தொப்பை இருந்த இடத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

"இனிமே முன்சீட்டு உங்களுக்குத்தான் சார். எவனும் கேக்கமாட்டான்."

கண்டக்டர் தண்ணீர் பாட்டிலோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான்.

"அந்த மேட்டுலகூட வாயை மூடலையேண்ணே. அப்படி என்னதான் பேச்சு?"

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, சுற்றிலும் இருந்த கூட்டத்தையே பெருமையோடு பார்த்தார்.

"ஏம்ப்பா பேச்சை நிறுத்திட்டீங்க?" என்றாள் மகள். "ஜனங்க என்ன பண்றாங்க?"

"எல்லாரும் எழுந்து நிக்கறாங்கம்மா" என்றபடி தோள்பையிலிருந்து வெள்ளைக்கோலை எடுத்து விரித்து, பிறந்ததிலிருந்து எதையுமே பார்த்தறியாத மகளின் கையில் கொடுத்தார் டிரைவர்.