சண்டை போடத் தெரிந்த மருமகள்

கிட்ட வந்து உக்காருங்க, கண்ணுகளா. வயிறு குலுங்கச் சிரிக்கிற கதை ஒண்ணு வச்சிருக்கேன். கேட்டுட்டுப் போய் உங்க வேலையைப் பாருங்க.

"வணக்கம், சாப்பிட்டீங்களான்னு கேக்கறதெல்லாம் பேச்சாகாது கண்ணு. அவ என்கூடச் சண்டை போடோணும். சண்டையில வாய்க்கு வராத பேச்சு என்ன பேச்சு?" என்றாள் நஞ்சம்மாள்.

மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்துகிறவள் அவள். எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் அவளுடைய ஒரே மகன் தரணீதரன். ஜெர்மனிக்குப் படிக்கப் போனவன், அங்கேயே வேலையும் பார்த்து, அங்கேயே ஹன்னா என்ற பெண்ணையும் பார்த்துவிட்டான்.

"தமிழ் பேசத் தெரியாதவ நம்ம ஊட்டுக்கு ஆகாது" என்று நஞ்சம்மாள் ஒரே போடாகப் போட்டாள். ஹன்னா சளைக்கவில்லை. ஊரிலே இருந்து பழகினால்தான் பேச்சு வரும் என்று ஆடி மாதமே கிளம்பி வந்து, வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியேறிவிட்டாள். இப்போது தை. இன்றைக்குத்தான் பரீட்சை.

"தேறிட்டாளாடா?"

"தெரியலீங்கம்மா. நானே நேத்துத்தானே ஜெர்மனியில இருந்து வந்தேன். புஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டாளாம். அக்கம்பக்கத்துப் பொண்ணுங்ககிட்டயேதான் கத்துக்கிட்டாளாம். ஒரு வார்த்தை பேசிக் காட்டுன்னா, மொதல்ல உங்ககிட்டத்தான் பேசுவாளாம்."

"ரோசக்காரிதான். சரி, தோத்துட்டா?"

"உங்க பேச்சை மீற மாட்டேனுங்க. ஆனா எனக்கு வேற பொண்ணு மட்டும் பார்க்காதீங்க."

நஞ்சம்மாளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"ஷிப்மெண்ட் நேரம். என்னால ஊட்டுக்கெல்லாம் வர முடியாது, இங்கயே வரச்சொல்லு. நீ அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்க. பக்கத்துல நின்னா கண்ணைக் காட்டிச் சொல்லிக் குடுப்பே."

அவனை உள்ளே தள்ளிவிட்டு, செக்கிங் டேபிளுக்கு வந்தாள். எண்ணெய்க் கறையோடு ஒரு பீஸ் தப்பியிருந்தது. அதற்காக ஒருத்தியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குரல்.

"மா, மன்னிச்சுக்கங்க. பஸ் தாமதம்."

திரும்பினாள். பருத்திச் சேலையும் வியர்த்த மூக்குமாக ஹன்னா.

"பஸ்ஸா? நீதான் தாமதமா எழுந்திருப்பே."

"நானா? விடியறதுக்கு முன்னாடியே குடத்தோட குழாயடியில நின்னவ நான்! யாரைப் பார்த்துச் சொல்றீங்க?"

நஞ்சம்மாளின் புருவம் ஏறியது. திணறல் இல்லை, யோசனை இல்லை. அடுத்த கணையை எடுத்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டே? ரொட்டியா?"

"பழைய சோறு. வெங்காயம், பச்சை மிளகாய். தொட்டுக்கச் சுட்ட கத்திரிக்காய்."

"குழம்பு வைக்கத் தெரியாதவதான் கத்திரிக்காயைச் சுட்டுத் தின்பா."

"பக்குவமாச் சுடத் தெரியாதவங்கதான் குழம்புல போட்டு மறைப்பாங்க!"

செக்கிங் பெண்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹன்னா மேஜையிலிருந்த ஒரு டீ ஷர்ட்டை எடுத்து விரித்தாள்.

"இதை யார் பாஸ் பண்ணினது? கழுத்து கோணல்."

"உன் கண்ணுதான் கோணல்! நீ பிறக்கறதுக்கு முன்னாடியே கழுத்துத் தைச்சவ நான்."

"அப்பவும் இப்படித்தான் தைச்சீங்களா?"

"கொடு இப்படி. நேராப் பிடிச்சா நேராத்தான் இருக்கும்!"

"நேராத்தான் பிடிச்சிருக்கேன், நீங்கதான் இழுக்கறீங்க!"

ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில், நேராக இருந்த கழுத்து நிஜமாகவே கோணிக்கொண்டு போயிற்று. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நஞ்சம்மாள்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

கண்ணாடிக்குள்ளிருந்து இழுபறியை மட்டும் பார்த்த தரணீதரன் சண்டைக்கு நடுவிலேயே பதறி ஓடிவந்திருந்தான். அம்மாவின் வாயையும் ஹன்னாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.

"முகூர்த்தம் பாருடா!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் நஞ்சம்மாள். "உன்னைக் காட்டியும் இவ தமிழு நல்லாருக்குது. வாய்க்கு வாய் நின்னு என்கூட ஒருத்தி சண்டை போட்டு எத்தனை நாளாச்சு! இந்தத் தைக்குள்ளயே தாலியைக் கட்டு."

தரணீதரன் முதுகைத் தடவிக்கொண்டான். "ஏனுங்கம்மா... நீங்க ரெண்டு பேரும் பேசுனதுல எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலீங்களே?"

செக்கிங் டேபிளில் மூத்தவளான சபிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்க ஒடிசாவுலகூட இந்த மாதிரிச் சண்டை நான் பார்த்ததில்லக்கா!" என்றாள்.

வேலம்பாளையத்து அந்த லைன் வீடுகள் முழுக்க ஒடிசாக்காரர்கள். தமிழென்று நினைத்து ஹன்னா அவர்களிடம் பாடுபட்டுக் கற்றது அத்தனையும் ஒடியா. கம்பெனியில் வேலை செய்கிறவர்களும் ஒடிசாக்காரர்களே. உள்ளே நுழைந்தால் பொழுது சாயும்வரை அவர்களிடம் ஒடியாவிலேயே கத்திப் பழகிய நஞ்சம்மாளும், தான் சண்டை போட்டது ஒடியாவில் என்பதைக் கவனிக்கவே இல்லை!

"குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்று ஹன்னாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் அவள். "தமிழை நான் மெதுவாச் சொல்லிக் குடுத்துக்கறேன். அதுவரைக்கும் மாமியாளும் மருமகளும் போடற சண்டை ஒண்ணும் உனக்குப் புரியாதில்ல? உன்னாட்ட நிம்மதியா எந்தப் புருஷன்டா இருப்பான்!"

உங்க ஊட்டுச் சண்டையும் இப்படிச் சிரிப்புலயே முடியட்டும், சாமி. அடுப்பும் மனசும் ஆறாம நல்லா இருங்க.