மூச்சு விடறியா?

மூடிய அறைக்குள்ளிருந்து நகத்தால் கதவைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"இருக்கியா?"

ஹாலில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் சமையலறை டைமரை எட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் அவர் கையை இறுகப் பற்றினாள்.

"பாவமா இருக்கு. இன்னொரு தடவை பதில் சொல்லிடவா?"

"வேண்டாம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "கவுன்சலர் என்ன சொன்னாங்க? ஒரு தடவைதான் பதில். அதைச் சொல்லியாச்சு. இனி பயம் தானா இறங்கட்டும்."

"மூச்சு விடறியா?" குரல் இப்போது கதவின் அடியிடுக்கிலிருந்து வந்தது. "மூச்சுச் சத்தமே கேக்கலையே."

எத்தனை பேர் பின்னால் கத்தினாலும் அசராமல் பஸ் ஓட்டுகிறவர் நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்தார். பட்டப்பகலில், சொந்த வீட்டில், பழகிய குரல் யாருடையதோ போல ஒலித்தது. கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பியது. பாதியில் நின்று, பழையபடி திரும்பிப் போனது. பிறகு ஒரே அமைதி.

சமையலறை டைமர் அடித்ததும் கதவு திறந்தது.

வியர்வையில் நனைந்து வெளியே வந்தாள் அவர் மனைவி. தினமும் தூங்கும் மகளின் மூக்கருகே வைத்துப் பார்க்கும் விரல் இப்போதும் தானாக நீண்டது. தொடுவதற்குள் இழுத்துக்கொண்டாள்.

"சமத்தும்மா நீ." எட்டு வயது மகள் அப்பாவின் கையை விட்டு எழுந்தாள். "அம்மா தாங்கிட்டா நானும் ரூம்ல தனியா இருந்து தாங்குவேன்னு கவுன்சலர்கிட்ட சொன்னேன்ல. இப்ப என் முறை."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட.

அம்மா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.