ஒரு சுவர் போதும்

"மத்த மூணு சுவரையும் தொட வேணாம்ணே. இது ஒண்ணு மட்டும் போதும்," என்றாள் அவள்.

பெயிண்டர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுவரில் ஈரம் ஏறி உப்பியிருந்தது. இன்னொன்றில் மகள் மூன்று வயதில் கிறுக்கிய யானை இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"வர்றவங்க இந்தப் பக்கம் பாத்தா என்னம்மா நினைப்பாங்க?"

"அவங்க பாக்க மாட்டாங்கண்ணே."

அவருக்கு அது விளங்கவில்லை. கூலி ஒரு சுவருக்குத்தான் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டி பார்க்க ஆரம்பித்தார்.

வரப்போவது விருந்தாளி இல்லை, வேலை. வீட்டிலிருந்தபடியே வீடியோவில் வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை. அதற்கு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லேப்டாப்பில் நேர்காணல். மகள் பிறந்ததும் வேலையை விட்டவளுக்கு எட்டு வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. கணவனின் தொழிற்சாலையில் ஷிப்டைக் குறைத்ததிலிருந்து வீடு இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

வந்த மெயிலில் இரண்டு நிபந்தனைகள். உங்களுக்குப் பின்னால் தெரியும் இடம் நேர்த்தியாக இருக்க வேண்டும். அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பதே ஹாலில் மட்டும்தான்.

யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன பெயிண்ட் டின் ஒன்றைக் கணவன் பாதி விலைக்குத் தூக்கி வந்திருந்தான். மூடியில் இளம் மஞ்சள் என்று எழுதியிருந்தது. சுவரில் ஏறியதும் அது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே என்னவோ ஒரு நிறமாகப் பல்லை இளித்தது.

"காஞ்சா சரியாயிடும்," என்றான்.

காய்ந்தது. பச்சை இன்னும் கூடியது.

"அதுக்கு ஒரு திரைச்சீலை போட்டா மறைஞ்சிடும்," என்றான் அடுத்ததாக. திரைக்கு அவளுடைய பழைய படுக்கை விரிப்பையே வெட்டித் தைத்தாள். கம்பி மாட்டச் சுவரில் துளை போட்டால் ஆணி நிற்கவில்லை, பூச்சுதான் கையோடு வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டு எப்படியோ கம்பியை மாட்டினான். நிறத்தை மறைக்க வந்த திரை, இப்போது ஓட்டையையும் மறைக்க வேண்டியதாயிற்று.

"இந்தக் கூடமே சரியில்லைங்க," என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆமா, ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல்," என்றார் மாமியார், சோபாவில் சாய்ந்தபடி.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த சோபாவைத்தான் முதலில் தள்ளினாள். ஸ்பிரிங் துருத்திய சோபா, காற்றில்லாத சைக்கிள், இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணி மலை, பழைய பேப்பர் கட்டு எல்லாம் கேமராவில் படாதபடி லேப்டாப்புக்குப் பின்புறம் போய்க் குவிந்தன. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பூந்தொட்டியும் நாற்காலியும் முன்புறம் வந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் மாளிகை, இந்தப் பக்கம் காயலான் கடை.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குத் திரைக் கம்பியின் வலது முனை, தட்டு அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு கீழே வந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதுக்குத்தான் தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன், உருப்படியா ஒரு ஆளைக் கூப்பிடுங்கன்னு."

"இப்ப எங்க போய்க் கூப்பிட? விடு, நானே பிடிச்சிக்கறேன்." பனியனும் அரை டவுசருமாக அவன் சுவரின் கோடிக்குப் போய் நின்று, கம்பி முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். லேப்டாப்பில் பார்த்தாள். திரை தெரிந்தது, அவன் தெரியவில்லை.

"ரூம்ல யாரும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்களே."

"யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. சோபாவில் இருந்த மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, நீங்களாவது கொஞ்சம் உள்ள போங்களேன்."

"என் சோபாவை ஓரங்கட்டின, சரி. என்னையுமா?" என்றார் அவர். "நான் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ உன் வேலையைப் பாரு."

வாக்குவாதத்துக்கு நேரமில்லை. பதினொன்றுக்கு லேப்டாப்பில் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர் வந்தார். வணக்கம் சொன்னார், அவளுக்குப் பின்னால் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"ஹால் ரொம்ப அழகா வெச்சிருக்கீங்கம்மா. திரை ஓரமாத் தெரியற சுவர் கலர்கூட வித்தியாசமா இருக்கு."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு நிம்மதியாக வந்தது. கம்பியைப் பிடித்திருந்தவன், நான் சொல்லலையா என்று புருவத்தை உயர்த்தினான். மாமியார் இருமலை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு, பெருமையாகத் தலையாட்டினார்.

"ரூம்ல நீங்க மட்டும்தானே இருக்கீங்க?"

"ஆமா மேடம். நான் மட்டும்தான்."

"நல்லது. அப்ப ஆரம்பிச்சிடலாம்," என்றார் அதிகாரி. "லேப்டாப்பைக் கையில எடுத்து, மெதுவா ஒரு சுத்து சுத்திக் காட்டுங்கம்மா."