நாலு பைன் பலகை

1968 ஐப்பசி. அடைமழை விட்ட காலை. பூச்சியியல் அதிகாரி தேவசகாயம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"சந்தேகமே இல்லை. பைன் மரப்பட்டையைத் துளைக்கிற வண்டு. இந்தப் பேரினமே நம்ம நாட்டுல கிடையாது. வெளிநாட்டு மெஷின் வந்த மரப்பெட்டியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. ஒரு பலகை விடாம எரிக்கணும்."

புதுவயல் அரிசி மில் மேனேஜர் தயங்கினார். "நாலு பலகைய மலையாண்டி வாங்கிட்டுப் போயிட்டானே சார். பொஞ்சாதி காய்ச்சலோட ஈரத்தரையில கெடக்கா, கட்டில் செய்யணும்னான்."

நான்கு நாள் வராமல் இருந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த மலையாண்டி, தலைத்துண்டை அவிழ்க்காமல் வந்து நின்றான்.

"அந்தப் பலகையெல்லாம் எங்கப்பா?" என்றார் அதிகாரி.

"எரிச்சாச்சுங்கய்யா."

"கட்டிலுக்கு வாங்கி அடுப்புல வச்சியா?"

"வெறகெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சுங்க. அது ஒண்ணுதான் காஞ்சிருந்துச்சு."

தேவசகாயம் படிவத்தை எடுத்தார். "எந்த நாள்?"

"போன வியாழக்கெழம."

"முழுசா எரிஞ்சுதா?"

"மறுநா போய்ப் பாத்தேன். சாம்பல்தான் கெடந்துச்சு."

"நீ சொன்னா ஆச்சா? எரிச்சதைப் பாத்த சாட்சி வேணும்."

"ஊரே நின்னு பாத்துச்சுங்க. கொள்ளி வச்சது நாந்தான்."