பச்சை வரி

இடிந்த வீட்டின் முன்னால் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு திரையில் ஓர் அந்நிய நாட்டுத் தாய் ஒன்பது விநாடி என்ன கத்துகிறாள் என்று டிவி எடிட்டருக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஹெட்போனைக் கழற்றுகிறாள். "'என் பிள்ளையப் படம் பிடிக்காதீங்க, போயிடுங்க'ன்னு கெஞ்சுறாங்கண்ணே. இதைப் போட வேணாம்." பின்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் தயாரிப்பாளர் சிரிக்கிறார். "உலகம் பூரா ஓடிட்டிருக்கு. நீ ஒருத்தி மறைச்சுட்டா ஆச்சாம்மா?" நக்கிய விரலால் திரையில் தாயின் முகத்தைத் தட்டுகிறார். "ஏழு மணிச் செய்திக்கு இது வேணும்பா." திரைக் கண்ணாடியில் ஈரத்தோடு பிஸ்கட் தூள் ஒட்டிக்கொள்கிறது. எடிட்டர் துடைக்கவில்லை. கணினியில் நீல வரி படம், அதற்குக் கீழே பச்சை வரி ஒலி; ஒன்றைத் தொடாமல் மற்றதை அழிக்கலாம். அவர் பச்சையை அழித்து, அந்த இடத்தில் வயலின் இசையை வைக்கிறார். தாயின் வாய் மட்டும் அசைகிறது. இனி அவள் 'வேண்டாம்' என்று கெஞ்சுவது யாருக்கும் கேட்காது.