கடல் முதலா, மலை முதலா?

"லாத்தா, மாமியைக் கொஞ்சம் கூப்பிடேன்."

பேசுவது கூடப் பிறந்த தம்பி மாஹிர். பிரான்ஸிலிருந்து. அக்கா நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று ஒரு வாய்ப்பேச்சு. அடுத்த நொடியே மாமி!

நபீஸாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. உம்மா வாப்பா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். மேல்மாடி மாமி மதீனா பீவியின் மகள் ஹுஸ்னாவைப் பேசி முடித்துக் கட்டிவைத்தவளும் அவள்தான். அவன் முகத்தைப் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது.

மேல்மாடியில் போன் கிடையாது. ரங்கூனில் போன் வைத்திருப்பதே பெரிய காரியம். நபீஸா வீட்டு போனும் வந்தால் பேசலாமே தவிர, இங்கிருந்து பிரான்ஸுக்குப் போட முடியாது. அதனால் மாமி இறங்கி வருவாள். நபீஸாவின் நாற்காலியிலேயே சட்டமாக உட்கார்ந்துகொண்டு பேசுவாள்.

"ஆமா மாப்பிள்ளை, ரெண்டு பேருதான்... புள்ளைங்களுக்கும் கோடை லீவுதானே... நீஸ்ல ஒரு வாரம் கடற்கரை, அப்புறம் ரயில்ல ஆல்ப்ஸ் மலையா? குளிருமே!"

ரெண்டு பேராம். மாமியும் அவள் வீட்டுக்காரர் அப்துல் ரவூப்பும். வேறே யாரு?

மாமி போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். "நீ சொல்லு நபீஸா. முதல்ல கடலா, முதல்ல மலையா?"

"போறவங்களைக் கேளுங்க மாமி. இந்த ஊரு க்யிம்யிண்டைங் படகுத்துறையைத் தாண்டாத எனக்கு என்ன தெரியும்?"

மாமி சிரித்தாள். சிரிப்பைப் பாரு சிரிப்பை!

"உன்கிட்ட ஒரு கம்பளி ஸ்வெட்டர் இருந்துச்சே, இன்னும் இருக்கா?"

ஓஹோ, ஓசி ஸ்வெட்டர் வேறா?

"அதைப் பூச்சி அரிச்சிருச்சு மாமி" என்றாள் நபீஸா. ஸ்வெட்டர் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அன்று சோறு போடும்போது புருஷன் இனாயத்துல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால நானும்தான் தம்பியைப் பார்க்கப் போகணும்னு எழுதிப் போட்டேன். எனக்கு பாஸ்போர்ட் வரலை. மாமிக்கு மட்டும் வந்துருச்சு. எனக்காக இன்னொரு தடவை எழுதிப் போட இந்த வீட்டுல ஒருத்தருக்கும் மனசில்லை."

"சும்மா இரு புள்ளே."

"என்னத்தைச் சும்மா இருக்கிறது? நீங்க என்னைக் கூட்டிட்டுப் போன ஊரு எது? போன மாசம் கார்டு மாத்தணும்னு ஒரு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. வெயில்ல நிக்க வச்சு போட்டோ, கைநாட்டு. அதுதான் எனக்கு ஆல்ப்ஸ் மலை!"

இனாயத்துல்லா தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். மனுஷனுக்குச் சொரணையே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போன்.

"லாத்தா, மாமி இருக்காங்களா? சீக்கிரம்."

நபீஸாவுக்குள் இத்தனை நாளாகப் புகைந்தது குப்பென்று பற்றிக்கொண்டது.

"மாமிக்கு முட்டி வலியாம்டா. கடலும் வேணாம், மலையும் வேணாம், நாங்க வரலைன்னு சொல்லிட்டாங்க."



"நிஜமாவா லாத்தா?"

"உன்கிட்ட நான் எதுக்குடா பொய் சொல்லணும்?"

இப்போது கேட்பான். 'அப்ப நீ வா லாத்தா' என்று கேட்பான். கேட்கத்தானே வேணும்! போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மாமி இல்லாம ஆகாது லாத்தா. டிக்கெட்டும் இன்னைக்குத்தான் எடுக்கணும், லீவும் இன்னைக்கே சொல்லியாகணும். சரி விடு. இந்த வருஷம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடுறேன்."

வைத்துவிட்டான்.

மாமி இல்லாமல் ஆகாதாமே! வளர்த்தவள் ஒரு ஆளாகவே தெரியவில்லை. போகட்டும், யாருக்கும் இல்லை என்று ஆனதே, அதுவே போதும். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு லேசாக வந்தது.

பால்கனியில் மணி குலுங்கியது. அந்தத் தெருவில் மாடிக்கு மாடி மணி கட்டிய ஒரு கயிறு தொங்கும். பேப்பர், பால், மொகிங்கா நூடுல்ஸ் எல்லாம் அதில்தான் ஏறும். மாமியின் கயிறு இன்று ஒரு பையோடு நபீஸாவின் பால்கனிக்கு நேராக வந்து நின்றது.

பைக்குள் புத்தம்புதுக் கம்பளி ஸ்வெட்டர். அவளுக்குப் பிடித்த மயில் கழுத்து நிறம்.

"போட்டுப் பாரும்மா!" மேலேயிருந்து மாமியின் குரல். "ஸ்காட் மார்க்கெட்ல வாங்கினேன். உன்னோடதைப் பூச்சி அரிச்சிருச்சுன்னியே."

"எனக்கு எதுக்கு மாமி?"

மேல் பால்கனியில் மாமியின் தலை தெரிந்தது. பக்கத்தில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இனாயத்துல்லா.

"உன் பாஸ்போர்ட் கைக்கு வந்துருச்சுடி!" என்று கூவினாள் மாமி. "கார்டுன்னு எடுத்த போட்டோவெல்லாம் இதுக்குத்தான். போன தடவை வரும் வரும்னு இருந்து வராமப் போனதுல, சோறு தின்னாமக் கிடந்தியே. அதான் கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு எல்லார் வாயையும் கட்டிவச்சேன். மாஹிர் வாயையும்தான்."

நபீஸா ஸ்வெட்டரோடு கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அப்ப... மாமா?"

"அவரு இடம்தான்டி உனக்கு. 'வளர்த்த அக்கா இருக்கும்போது நான் எதுக்கு'ன்னுட்டாரு. நீ தனியா அவ்வளவு தூரம் போக மாட்டே, துணைக்கு நான். என் முட்டிக்கு மலையெல்லாம் ஆகாதுதான். உனக்காக ஏறிடுறேன், போ!"

நபீஸாவின் கையிலிருந்து ஸ்வெட்டர் நழுவியது.

"என்னம்மா, டிக்கெட் இன்னைக்குத்தான் எடுக்கறேன்னான். மாஹிர் போன் பண்ணினானா?"